எஞ்சினுக்கும் பசிக்கும்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

வகுப்பறையில் நாம் கற்பவை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நண்பர்கள் சிலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பெர்னூலியின் தேற்றம் என்றால் ஐந்து மதிப்பெண். நிறுவி எழுதினால் பத்து. அத்தோடு அந்த நல்ல மனிதருக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. 1738ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் எழுதிவைத்த உண்மையை நம்பித்தான் எங்கள் ஊர் ஆண்கள் விடியுமுன் கடலுக்குள் போகிறார்கள் என்று நான் சொன்னால், வகுப்புத் தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்தவன். எங்கள் பாட்டன்மார் காலத்தில் கட்டுமரமும் பாயும் துடுப்புமே துணை. இன்று பைபர் வள்ளமும், அதன் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய எஞ்சினும் வந்துவிட்டன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த படகு எஞ்சினின் வழித்தோன்றல்தான் இது. எங்கள் மாமாவின் வள்ளத்தில் இருப்பது இரண்டு சிலிண்டர் கொண்ட சிறிய எஞ்சின். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்ட வேண்டும். கரைக்குத் திரும்பி நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை எஞ்சின் எழுந்திருக்காது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும், என் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுவதும் அந்த வள்ளத்தின் பங்குப் பணத்தில்தான்.

சென்ற ஆனி மாதத்தில் அந்த எஞ்சினுக்கு ஒரு நோய் வந்தது. அந்த நோயையும், அதைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்வதே என் நோக்கம்.

நெருப்பின் சோறு

எஞ்சின் எண்ணெயை மட்டும் தின்று உயிர் வாழ்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அதிகமாகத் தின்பது காற்றை. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று தேவை. கன அளவில் பார்த்தால் கணக்கு இன்னும் வியப்பானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9000 லிட்டர் காற்று வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் கணக்கு ஏறத்தாழ இதேதான். காற்று சோறு என்றால் எண்ணெய் அதற்கு உப்பு எனலாம். உப்பு கூடினாலும் உண்ண முடியாது. குறைந்தாலும் உண்ண முடியாது.

இந்த உப்பை அளந்து போடும் பாத்திரமே கார்புரேட்டர். அதன் தொண்டை நடுவில் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடுகிறது. விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இதுதான் நம் பெர்னூலி. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில், ஊசிமுனைத் துளை போன்ற ஜெட் வழியாக எண்ணெய் தானே மேலேறித் தூவானமாகக் காற்றில் கலக்கிறது. நிமிடத்திற்கு 5000 சுற்று சுற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 83 முறை இந்தக் கலவையை உண்டு எரிக்கிறது. ஒரு நொடியில் 83 கவளம்! ஒரு கவளத்தில் உப்பு குறைந்தாலும் நாக்கு கண்டுகொள்ளும்.

எண்ணெய் குறைந்து காற்று மிகுந்த கலவையைப் பட்டறைக்காரர்கள் 'லீன்' என்பார்கள். எங்கள் ஊரில், "எண்ணெய் பத்தல, காத்து கூடிப்போச்சு" என்பார்கள். இரண்டும் ஒன்றே. இத்தகைய கலவை தீப்பொறி பட்டும் சில சமயம் பற்றுவதில்லை. பற்றினாலும் மெதுவாக எரிகிறது. பற்றாத தடவைகளில் எஞ்சின் 'மிஸ்' அடிக்கிறது. எரிந்து முடியாத நெருப்பு அடுத்த கவளத்தையும் வாசலிலேயே பற்றவைத்துவிட்டால், கார்புரேட்டர் வழியாகத் தும்முவது போலப் 'பொத்' என்று ஒரு சத்தம் வருகிறது.

இதில் இரண்டு வஞ்சகங்கள் உண்டு. முதலாவது, எண்ணெய் குறையத் தொடங்கும்போது எஞ்சின் உடனே சோர்ந்துவிடுவதில்லை. ஒரு கணம் முன்னைவிடச் சுறுசுறுப்பாகச் சீறுகிறது. பழைய ஸ்கூட்டரில் பெட்ரோல் தீரும் தறுவாயில் வண்டி ஒருமுறை துள்ளிவிட்டு நிற்பதைப் பலர் அனுபவித்திருப்பீர்கள். இரண்டாவது வஞ்சகம் கொடியது. இவ்வகை எஞ்சினில் உராய்வைத் தடுக்கும் ஆயில் தனியாக இல்லை. எரியும் எண்ணெயோடு கலந்தே உள்ளே போகிறது. எனவே எண்ணெய் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு ஏறுகிறது, ஆயில் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். சில வேளை பிஸ்டனின் தலையிலேயே ஓட்டை விழும். அப்புறம் அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

ஆனி மாதத்து அலை

எங்கள் மேற்குக் கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வள்ளமும் கட்டுமரமும் மட்டுமே கடலில் இறங்கும். மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஏழைக் குடும்பங்கள் கடன் அடைப்பதும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவதும் இந்த இரண்டு மாத வரவை நம்பித்தான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் காலமும் இதுவே. கரையை ஒட்டி அலைகள் மதில் போல எழுந்து உடைகின்றன. அந்த அலைகளைத் தாண்டும் சில நிமிடங்கள்தாம் அன்றைய பயணத்தின் மிக ஆபத்தான நிமிடங்கள். இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியைப் பார்த்து, எஞ்சினை முழு வேகத்தில் திறந்து பாய வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் கைவிட்டால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய வள்ளத்தை அலை கவிழ்த்துவிடும்.

மாமாவின் எஞ்சினுக்கு வந்த நோய் அந்த இடம் பார்த்து அடிக்கும் நோயாக இருந்தது. மெதுவாக ஓட்டினால் குறையே தெரியாது. முழு வேகத்தில் திறந்தால் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஓடும். பிறகு மிஸ் அடிக்கும். பொத்துப் பொத்தென்று தும்மும். வேகம் பாதியாக விழும். முதல் இரண்டு நாட்கள் ஆழ்கடலில் இப்படி ஆயிற்று, சமாளித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது கரையலைக்குள் வைத்தே எஞ்சின் விழுந்தது. வள்ளத்தில் பாதி தண்ணீர் ஏறிவிட்டது. வலையில் ஒரு பகுதி போயிற்று. மாமாவோடு போன மூவரில் ஒருவருக்குத் தோளில் பலத்த அடி. கரையில் நின்ற பெண்கள் எழுப்பிய கூக்குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கலக்கிச் சென்றதற்குப் பின், எங்கள் ஊர்ப் பெண்கள் கடலைப் பார்த்து நிற்கும் பார்வையே வேறு.

நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு எஞ்சினைக் கொண்டுபோனோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் எஞ்சினை மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். தையல் இயந்திரம் போல அழகாக ஓடியது. மறுநாள் கடலில் அதே தும்மல். "புதுக் கார்புரேட்டர் போட்டால்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டார்கள். அதன் விலையைக் கேட்ட மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. அந்தத் தொகைக்கு அத்தையின் காதில் கிடப்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கேட்ட கேள்விகள்

எங்கள் ஊரில் வயது எழுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். நான் பாட்டா என்பேன். கை நடுக்கம் வந்த பிறகு தொழிலை விட்டுவிட்டவர். மாமா அவரிடம் போய் நின்றபோது அவர் முதலில் கேட்டது, "கரையில நல்லா ஓடுது, கடல்ல ஓடல்ல. அப்படித்தான?" என்பதுதான். "அப்பம் நோயக் கடல்லதான் பாக்கணும். பீப்பாத் தண்ணியில எஞ்சினுக்கு என்ன பாரம்?"

மறுநாள் காற்று சற்று ஓய்ந்திருந்தது. பக்கத்துத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குள், துணைக்கு இன்னொரு வள்ளத்தையும் வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கினோம். பாட்டா வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து சொல்வார். மாமா எஞ்சினைப் பிடிப்பார். நான் சாவியும் துணியுமாக உதவினேன்.

முதல் கேள்வி ஸ்பார்க் பிளக்கிடம். முழு வேகத்தில் மிஸ் அடிக்கும்போதே எஞ்சினைச் சட்டென்று நிறுத்தச் சொன்னார். மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் பிளக் பொய் சொல்லுமாம்; மெது ஓட்டத்தின் நிறம் அதன்மேல் படிந்துவிடும். கழற்றிப் பார்த்தோம். நலமாக ஓடும் எஞ்சினில் பிளக்கின் மூக்கு காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். எண்ணெய் கூடினால் கரி பிடித்து ஈரமாயிருக்கும். இங்கே இரண்டு பிளக்கும் வெந்த சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. "சத்தத்த நம்பாத மக்கா, நெறத்தப் பாரு" என்றார் பாட்டா. தீப்பொறியில் குறை என்றால் எரியாத எண்ணெய் தங்கிப் பிளக் நனைந்திருக்க வேண்டும், நனையவில்லை. ஒரு சிலிண்டரில் மட்டும் குறை என்றால் ஒரு பிளக்தான் வெளுத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல வெளுத்திருந்தன. ஆகவே குறை இரண்டுக்கும் பொதுவான பாதையில், வழி பிரிவதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

இரண்டாம் கேள்வி சோக்கிடம். மிஸ் அடிக்கும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்துக் காற்றைக் குறைத்தோம். எஞ்சின் உடனே தெளிந்தது. காற்றைக் குறைத்தால் குணமாகிறது என்றால், பசி எண்ணெய்ப் பசியே என்பது உறுதியாயிற்று.

மூன்றாம் கேள்விதான் பட்டறைக்காரர்கள் கேட்காமல் விட்டது. எண்ணெய்க் கேனிலிருந்து எஞ்சினுக்கு வரும் ரப்பர் குழாயின் நடுவே, கையால் அமுக்கும் குமிழ் ஒன்று உண்டு. முழு வேகத்தில் மிஸ் அடிக்கும்போது அந்தக் குமிழை விடாமல் அமுக்கச் சொன்னார். அமுக்க அமுக்க எஞ்சின் பழைய பலத்தோடு ஓடியது, விட்டால் விழுந்தது. இதன் பொருள் என்ன? கார்புரேட்டரின் ஜெட் அடைத்திருந்தால், வெளியிலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் பெரிய பயன் இருக்காது. கார்புரேட்டர் நல்லதே, அதன் வாசல்வரை எண்ணெய் வந்து சேரவில்லை. அந்த நிமிடமே அத்தையின் கம்மல் தப்பியது.

இனி மிஞ்சியது கேனிலிருந்து கார்புரேட்டர்வரை உள்ள பாதை. கேனின் மூடியில் காற்றுத் திருகு திறந்தே இருந்தது. மூடியையே தளர்த்திப் பார்த்தோம், மாற்றமில்லை. எண்ணெயைக் கண்ணாடி சீசாவில் பிடித்து இரவு முழுதும் வைத்திருந்தோம்; அடியில் தண்ணீர் தங்கவில்லை. வேறு கேனை மாற்றினோம்; தும்மல் போகவில்லை. பாதை அடைத்திருந்தால் எஞ்சின் உறிஞ்சும்போது குமிழ் ஒட்டிச் சுருங்க வேண்டும், சுருங்கவில்லை. பாதை எங்கும் ஒழுகவும் இல்லை. குழாய் முழுவதையும் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு துளி ஈரம்கூட இல்லை.

"அடைப்பும் இல்ல, ஒழுகலும் இல்ல. பின்ன எண்ணெய் எங்க போச்சு பாட்டா?" என்று கேட்டேன்.

"வெளிய ஒழுகினா கண்ணுக்குத் தெரியும் மக்கா. உள்ள இழுத்தா ஆருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தச் சொல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எஞ்சின் ஓடும்போது பம்பு குழாயை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயின் உள்ளே அழுத்தம் குறைவு. வெளியே முழு வளிமண்டலமும் நிற்கிறது. நாம் ஒரு காற்றுக்கடலின் அடியில் வாழ்கிறோம் என்று டாரிசெல்லி 1644ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் எழுதினார் அல்லவா? அந்தக் கடல் எந்தக் கீற்று கிடைக்கும் என்று காத்திருக்கிறது. அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். எண்ணெய் நுழைய முடியாத மெல்லிய கீற்றில்கூடக் காற்று நுழைந்துவிடும். மெதுவாக ஓடும்போது உறிஞ்சல் குறைவு, எண்ணெய்த் தேவையும் குறைவு, எஞ்சின் சமாளித்துக்கொள்கிறது. முழு வேகத்தில் உறிஞ்சல் மிகுகிறது. காற்றும் மிகுதியாகப் புகுகிறது. பம்பு எண்ணெய்க்குப் பதில் நுரையைத் தள்ளுகிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்த எண்ணெய் தீரும்வரை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டம், பிறகு தும்மல். கரையில் வைத்த பீப்பாயில் ஏன் நோய் தெரியவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

காற்று புகுவதைக் கண்ணால் பார்க்க வழியுண்டா? எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மட்டம் பார்க்க அவர் வைத்திருந்த, உள்ளே தெரியும் டியூபில் ஒரு சாண் துண்டு வாங்கி வந்தேன். எஞ்சினின் மூடிக்குள், பம்புக்குச் சற்று முன்னால், அத்துண்டைக் குழாயின் நடுவே பொருத்தினோம். மெதுவாக ஓடும்போது மண்ணெண்ணெய் பளிங்கு போல ஓடியது. முழு வேகத்தில் திறந்ததும், கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசை கட்டி வந்தன. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "அடப் பாவி! காத்தக் குடிச்சிட்டா ஓடிச்சு இது?" என்றார்.

அப்புறம் எல்லாம் பொறுமையின் வேலை. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டாகக் கிரீஸ் பூசினோம். ஒன்றைப் பூசிக் குமிழி நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. கேனின் மூட்டு; நிற்கவில்லை. குமிழின் இரு பக்கக் கவ்விகள், நிற்கவில்லை. கடைசியாக, குழாயை எஞ்சினில் செருகும் முனை. கிரீஸ் பட்டதும் குமிழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றன. எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. அந்த முனையைக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வளையம். சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சிறியது. உப்பிலும் வெயிலிலும் மண்ணெண்ணெயிலும் கிடந்து மரத்துப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தது. தேநீர்க்கடையில் கொடுக்கும் காசுக்கு ஒரு புது வளையம் வாங்கி மாட்டினோம். மறுநாள் விடியுமுன் வள்ளம் இறங்கியது.

சிறிய வளையமும் பெரிய பாடமும்

1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ஓடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து ஏழு பேர் மாண்டனர். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையங்களில் ஒன்று குளிரில் இறுகித் தன் வேலையைச் செய்யாததே காரணம். இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், விசாரணைக் குழுவின் முன் அத்தகைய ரப்பர்த் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் அமுக்கி எடுத்து, அது மீண்டு விரியவில்லை என்று எல்லார் கண்முன்னும் காட்டினார். அங்கே குளிர் இறுக்கியது. இங்கே உப்பும் வெயிலும் இறுக்கின. இரண்டு இடத்திலும் ரப்பர் தன் நெகிழ்வை இழந்தது. இரண்டு இடத்திலும் ஆபத்துக்கு உள்ளானது மனித உயிர்.

எழுத்தறியாத பாட்டா ஃபெயின்மனின் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் இருவரும் செய்தது ஒரே காரியம். ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டு, அதைச் சோதிக்கும் எளிய வழியைத் தேடினார்கள். பாட்டா ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றினார். செலவில்லாத சோதனையை முதலில் செய்தார்; கழற்ற வேண்டியதைக் கடைசிக்கு வைத்தார். ஒவ்வொரு விடையும் கிடைத்தபோது, இனி எங்கே தேட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நம் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர்கள் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தானே! நாமோ விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகளைச் செய்து, பதிவேட்டில் அழகாக எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறோம்.

கடலோரத்திலிருந்து வரும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடைக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டு எஞ்சினின் குழாயை முழுதும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். செருகும் முனையின் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். உபரியாக இரண்டு வளையமும் இரண்டு பிளக்கும் ஒரு சிறு டப்பாவில் போட்டு வள்ளத்தில் வையுங்கள். எஞ்சின் வழக்கத்தைவிடச் சீறி ஓடினால் மகிழாதீர்கள். பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். எஞ்சின் இருக்கிறதே என்று துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இயற்பியல் படித்து என்ன ஆகப் போகிறாய் என்று ஊரில் என்னைக் கேட்டவர்கள் பலர். பாட்டா மட்டும் கேட்டதில்லை. வளையம் கிடைத்த அன்று மாலை, உள்ளிழுக்கும் குழாயில் ஏன் ஒழுகல் தெரியாது என்பதை அவருக்கு மணலில் படம் போட்டு விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எனக்கு அம்பது வருசமா தெரியும் மக்கா. ஏன்னுதான் இப்பம் தெரிஞ்சுது" என்றார். கல்லூரி எனக்குத் தந்த கல்விக்கு இதைவிடப் பெரிய சான்றிதழை நான் எதிர்பார்க்கவில்லை.